கொல்லிப்பாவை எப்போது கொல்லத் தொடங்கினாள்?

கொல்லிமலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சற்று நேரத்தில் பாவை வந்துவிடுவாள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முனிவர்களும் தேவர்களும் தவத்துக்கு ஏற்ற இடம் தேடி இந்த மலைக்கு வந்தார்கள். அசுரர்களும் அரக்கர்களும் அவர்களுக்குத் தொல்லை கொடுத்தார்கள். தேவதச்சன் ஒரு பெண் உருவத்தைச் செய்து மலையின் மேற்குப் பக்கத்தில் நிறுத்தினான். அசுரர் வாடை பட்டால் அது தானாகச் சிரிக்கும். சிரிப்பில் மயங்கி நெருங்கியவனைக் கொன்றுவிடும். சுற்றுலாக் கையேட்டிலும் வார இதழிலும் யூடியூப் காணொளியிலும் இந்தக் கதை ஏறக்குறைய ஒரே வடிவில் வருகிறது. அண்மைக் காலமாகப் பாவையை ‘ரோபோ’ என்று சொல்பவர்களும் உண்டு. முடிவில் எல்லோரும் ஒரே சான்றைத்தான் காட்டுகிறார்கள்: ‘சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது’.

பாவை சங்க இலக்கியத்தில் இருக்கிறாள் என்பதில் ஐயமே இல்லை. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் இருக்கிறாள். ஆனால் அந்தப் பாடல்களில் அவள் சிரிப்பதும் இல்லை, யாரையும் கொல்வதும் இல்லை. அங்கே முனிவர் இல்லை, அசுரர் இல்லை, தேவதச்சனும் இல்லை. இன்று நாம் கேட்கும் கதை, பழைய பாவையின் மேல் பிற்காலத்தில் கட்டப்பட்டது. கட்டுவதற்கான கல்லில் பெரும்பகுதி கொல்லிமலையில் வெட்டப்பட்டதும் அன்று. எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நாடுகளின் மலை

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, செம்மேடு. மேலே ஊர்களை நாடு நாடாகத்தான் எண்ணுவார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு என்று அந்த வரிசை போகிறது. இன்றைய ஊராட்சிகளும் இதே பெயர்களைத் தாங்கியிருக்கின்றன. சமவெளியில் நாடு என்ற பழைய பிரிவு கல்வெட்டோடு நின்றுவிட்டது. இங்கே ரேஷன் அட்டை வரை வந்திருக்கிறது.

இந்த நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் தோற்றக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை மூன்றிலும் அவர்கள் வழி பரவியது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுப்பில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

பாவைக் கதையின் வரலாற்றுக்கு இந்தத் தோற்றக் கதை முக்கியமான சான்று. சங்கப் பாடல்களில் கொல்லியில் வாழ்பவர்கள் குறவர்கள். இன்று அங்கே வாழ்பவர்களோ, தாங்கள் வேறிடத்திலிருந்து வந்தவர்கள் என்று தாங்களே சொல்கிறார்கள். தோற்றக் கதையை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சங்ககாலக் குறவர் வாயிலிருந்து இன்றைய எடப்புளி நாட்டுக்காரர் வாய் வரை பாவைக் கதை அறுபடாமல் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி இது தடுக்கிறது. நடுவில் மக்கள் மாறியிருக்கலாம். மொழி வழக்கு மாறியிருக்கும். கதையும் வேறு வழியாக மலையேறியிருக்கலாம்.

பாடல்களில் பாவை

முதலில் கபிலர். குறுந்தொகையின் 100ஆம் பாட்டில் அவர் காட்டும் கொல்லி, பசி தெரிந்த மலை. அருவி பாயும் சரிவில் ஐவன நெல் விதைக்கிறார்கள். காட்டு மல்லிகையையும் மரலையும் களையாகப் பிடுங்கி எறிகிறார்கள். காந்தளே வேலியான சிற்றூர். விளைச்சல் போதாமல் பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்று உண்கிறார்கள். அது வல்வில் ஓரியின் கொல்லி. அதன் மேற்கு மலையில் இருக்கும் பாவையைப் போல மடப்பம் உடையவள் என் காதலி. அவள் தோளைத் தழுவுவது அரிது என்று தலைவன் சொல்கிறான். பாவைக்கு இந்தப் பாட்டில் ஒரே வேலைதான்: அழகாக இருப்பது, எட்டாமல் இருப்பது.

அடுத்து பரணர். குறுந்தொகை 89இல் ஒரு பெண் உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். உலக்கைக்குத் தாளமாக எழும் அந்தப் பாட்டில் தலைவன் பெயர் வந்துவிடுகிறது போலும்; ஊரார் வாயில் விழுகிறது. பேசினால் பேசட்டும், இந்தப் பேதை ஊருக்காக ஏன் வருந்த வேண்டும் என்கிறாள் தோழி. அந்தப் பெண்ணுக்கு உவமையாகப் பாவை வருகிறாள். கொல்லியை அச்சம் முதிர்ந்த மலை என்கிறார் பரணர்; பாவையை வடித்தது அந்த மலையின் கருங்கண் தெய்வம் என்கிறார். ஆனால் பாவைக்கு அவர் தரும் அடைமொழி நல்ல இயல்பு. அவளுக்கு ஒப்பான பெண்ணுக்குத் தருவது மென்மை. அச்சம் மலையின் மேல் நிற்கிறது, தெய்வத்தின் மேல் நிற்கிறது. பாவையை அது தொடவில்லை.

நற்றிணை 201 இன்னும் விரிவாகப் பேசுகிறது. இதுவும் பரணர் பாட்டு. அவள் மலைக்குறவன் மகள், பெறுதற்கு அரியவள், கடுங்காவலில் இருப்பவள், சொன்ன சொல்லுக்கு மறுமொழி தராதவள், இளையவள், அவளை நினைக்காதே என்று பாங்கன் தலைவனைத் தடுத்திருக்கிறான். தலைவன் விடை சொல்கிறான். கொல்லியில் ஒரு பாவை இருக்கிறாள். காற்று மோதி இடித்தாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு எந்த ஊறு வந்தாலும், நிலமே நடுங்கினாலும் அவள் வடிவம் குலைவதில்லை. என் நெஞ்சிலிருந்து இவளும் அப்படித்தான் போகமாட்டாள் என்கிறான். கொல்லிப்பாவையைப் பற்றிச் சங்கப் பாடல்கள் தரும் மிக நீண்ட விவரணை இதுவாகத்தான் இருக்கும். அதில் பாவைக்கு எதிராக வருபவை காற்று, மழை, இடி, நிலநடுக்கம். அசுரர் யாரும் வருவதில்லை.

நற்றிணை 192இல் பாவையைச் செய்தது பூதம். இளவெயிலில் அவள் தோன்றுவது போல இருக்கிறது தலைவியின் அழகு. அகநானூறு 62இல் அவள் கடவுள் வடித்த பாவை. அகநானூறு 209இல் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த வரலாற்றைச் சொல்லி, அதே மூச்சில், நிலைபெற்ற கடவுள் ஆக்கிய பலர் புகழும் பாவை என்கிறார்.

இந்தப் பாடல்களை அருகருகே வைத்தால் ஓர் அரசியல் வரலாறும் தெரிகிறது. கபிலர் பாட்டில் கொல்லி ஓரியுடையது. பரணரின் குறுந்தொகைப் பாட்டிலும் நற்றிணை 185இலும் அது பொறையனுடையது, அதாவது சேரனுடையது. மலையின் உடைமையாளர் மாறியிருக்கிறார், பாவை மாறவில்லை. புலவர்கள் புதிய அரசனுக்கு மலையைச் சொந்தமாக்கும்போது பாவையையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரிக்கு இன்றும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது, செம்மேட்டில் சிலை இருக்கிறது. பாவையோ ஓரியின் பெயரோடும் அவனை வென்றவர்கள் பெயரோடும் ஒருங்கே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஊரறிந்த ஓர் உருவம், குறைந்தபட்சம் ஊரறிந்த ஒரு நம்பிக்கை, அங்கே இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பேர் விளக்கம் தராமல் உவமையாக எடுத்தாள முடியாது.

கொலை என்ற சொல் எங்கே வருகிறது?

இதுவரை தள்ளி வைத்த நற்றிணை 185க்கு இப்போது வரலாம். கொலை என்ற பேச்சு பாவைக்குப் பக்கத்தில் வரும் பாட்டு இது. தலைவன் தோழியிடம் குறை இரந்து நிற்கிறான். காமம் கைமிஞ்சிப் போய்த் தவிக்கிறேன், இதைப் பார்த்தும் இரங்கவில்லையே என்கிறான். பிறகு கொல்லியை வரைகிறான்: பரிசிலாகக் குதிரை பெற்ற பாணர்கள் போய்வந்த, குளம்பு தேய்த்த கற்களையுடைய சிறு வழி, காந்தள் குலைகள், தேனீக்கள் கட்டிய பல கண்களுள்ள தேனடை தொங்கும் நெடுவரை. அந்த வரையில் தெய்வம் வடித்த பாவை போன்றவள் என்னைக் கொல்லத் துணிந்துவிட்டாளே, நான் நோவேனோ என்று முடிக்கிறான்.

கொலை சூழ்பவள் காதலி. பாவையோடு அவளுக்கு ஒப்புமை அழகில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஆறு பாடல்களும் அதற்குத் துணை நிற்கின்றன. காதலி கொல்கிறாள் என்பது அகப்பாடலில் தலைவன் வழக்கமாக வைக்கும் முறையீடு. கண்ணால் கொல்வாள், மறுத்துக் கொல்வாள். அதைச் சொல்லக் கொலைகாரப் பாவை தேவையில்லை. அதே சமயம், பாவை கொல்பவள் என்று கேட்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்த உவமை இரட்டிப்புக் கூர்மை பெறும் என்பதையும் மறுக்க முடியாது. பிற்கால வாசகர் ஒருவர் இந்தப் பாட்டைப் படித்துவிட்டுப் பாவைக்கும் கொலைக்கும் முடிச்சுப் போட்டால் அதில் வியப்பில்லை. பாட்டு அந்தக் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்கிறது.

ஏழு பாடல்களிலும் ஓடும் இழை ஒன்றுதான்: அவளை அடைய முடியாது. தோள் தழுவ அரிது, காவல் கடுமை, மறுமொழி இல்லை, வடிவம் குலையாது, அருள மறுக்கிறாள். ஏன் அடைய முடியாது என்று சங்கப் புலவர்கள் சொல்லவில்லை. உவமைக்கு அது தேவையும் இல்லை. கதை சொல்பவருக்கு அந்த ‘ஏன்’ தேவை. அந்த வெற்றிடத்தில்தான் பிற்காலக் கதை வந்து குடியேறியது.

உறங்கும் அழகியின் பாட்டி

ஒரு கதை இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது எதை வைத்துக்கொள்ளும், எதை மாற்றும் என்பதற்கு ஐரோப்பாவில் நன்கு ஆராயப்பட்ட சான்று ஒன்று இருக்கிறது. நூறாண்டு உறங்கும் இளவரசியின் கதையை நாம் குழந்தைகள் புத்தகத்தில் படித்திருப்போம். 1697இல் பிரான்சின் சார்ல் பெரோ அதை எழுதினார். 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பில் சேர்த்தார்கள். அவர்களுக்கு முன்பே இத்தாலியின் ஜாம்பத்திஸ்தா பசீலே 1630களில் வெளிவந்த தம் தொகுப்பில் தாலியா என்ற பெண்ணின் கதையாக அதைச் சொல்லியிருந்தார். அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் எழுந்த ‘பெர்ஸஃபோரஸ்ட்’ என்ற மாபெரும் வீரகதைக்குள் செல்லாந்தீன் என்ற பெண் உறங்கிக் கிடக்கிறாள்.

செல்லாந்தீன் பிறந்தபோது மூன்று பெண்தெய்வங்களுக்கு விருந்து வைக்கிறார்கள். ஒரு தெய்வத்தின் இடத்தில் கத்தி இல்லை. மேசைக்கு அடியில் விழுந்துகிடக்கிறது. அவமதித்துவிட்டார்கள் என்று கோபித்து அவள் சாபமிடுகிறாள். பெண் வளர்ந்து நூல் நூற்கும்போது சணல் நார் விரலில் குத்தி உறங்கிவிடுகிறாள். பெரோவின் கதையில் தெய்வங்கள் தேவதைகளாகச் சுருங்கிவிட்டார்கள். கத்தி மட்டும் போகவில்லை. கிழத் தேவதைக்கு மட்டும் கத்தியும் கரண்டியும் வைத்த பொன்னுறை கிடைக்கவில்லை என்பதே அங்கும் கோபத்துக்குக் காரணம். பழைய கதையில் உறங்கும் பெண்ணை அவள் அறியாமலே காதலன் கூடுகிறான். அவள் உறக்கத்திலேயே குழந்தை பெறுகிறாள். குழந்தை விரலைச் சப்ப, நார் வெளிவருகிறது, அவள் விழிக்கிறாள். பெரோ இதை எடுத்துவிட்டார். கிரிம் கதையில் ஒரு முத்தம் போதுமானதாகிவிட்டது.

இதிலிருந்து இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளலாம். கதையின் மையப் படிமம் நிலைக்கும். அதைச் சுற்றி நிற்கும் பாத்திரங்கள் அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப மாறுவார்கள். பழைய கதையில் காரணம் சொல்லாமல் விட்ட இடத்தைப் புதிய கதை தன் காலத்துக்குப் பழக்கமான காரணத்தால் நிரப்பும். கொல்லிப்பாவைக்கு இரண்டும் பொருந்துகின்றன.

பாவையைச் சுற்றி யார் வந்தார்கள்?

சங்கப் பாடல்களில் பாவையைச் சுற்றி இருப்பவர்கள்: குறவர், பாணர், ஓரி, காரி, பொறையன், பெயரில்லாத தெய்வம், பூதம். இன்றைய கதையில் இருப்பவர்கள்: முனிவர், தேவர், அசுரர், அரக்கர், தேவதச்சன். ஒருவர்கூடப் பொதுவில்லை. மேற்குப் பக்கம், தெய்வப் படைப்பு, பேரழகு ஆகிய மூன்றும்தான் பொது. கபிலர் கண்ட பசிக்குத் தந்தம் விற்கும் சிற்றூர், முனிவர்கள் தவம் செய்ய விரும்பும் மலையாக மாறியிருக்கிறது. இது தலபுராணங்களின் மலை. கொல்லியில் அதற்கான சூழல் உருவானதும் உண்மை. கொல்லி அறப்பள்ளியைத் தேவாரம் வைப்புத்தலமாகக் குறிப்பிடுகிறது. வளப்பூர் நாட்டில் இருக்கும் அந்த அறப்பளீசுவரர் மேல் 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் ஒரு சதகமே பாடினார். சிவன் வந்து அமர்ந்த மலைக்கு முனிவர்களும் அசுரர்களும் வந்து சேர்வது புராண மரபின் இயல்பு.

அசுரர்களை மயக்கும் பெண் எங்கிருந்து வந்தாள்? தமிழில் அதற்கு ஒரு தெளிவான படி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், புகாரின் இந்திர விழாவில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களை வித்தியாதரன் ஒருவன் தன் காதலிக்குக் காட்டுகிறான். அவற்றுள் ஒன்று பாவை. போர்க்கோலம் பூண்ட அவுணர்கள் போர் ஒழியும்படி திருமகள் ஆடிய கூத்து அது. இளங்கோ இங்கே கொல்லி என்று சொல்லவில்லை. ஆனால் நூலின் உரை மரபு, அவுணர்கள் மோகித்து விழும்படி திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடினாள் என்று விளக்குகிறது. கொல்லியின் பாவையும் அவுணரை மயக்கும் பெண்ணும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் இடம் இந்த விளக்கம். சங்கப் பாடல்களின் ‘அடைய முடியாத அழகு’ இங்கே ‘அவுணரை வீழ்த்தும் அழகு’ ஆகிவிட்டது.

தேவதச்சன் வந்த வழியும் தெரிகிறது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் நாரதர் பாண்டவருக்கு ஒரு கதை சொல்கிறார். சுந்தன், உபசுந்தன் என்ற இரு அசுரர்கள். ஒருவரை ஒருவர் கொன்றாலன்றி அவர்களுக்குச் சாவில்லை என்பது வரம். அவர்கள் கொடுமை தாங்காமல் தேவர்களும் முனிவர்களும் பிரமனிடம் முறையிடுகிறார்கள். பிரமன் தேவதச்சனான விசுவகர்மாவை அழைத்து, எவரும் விரும்பும் ஒரு பெண்ணைச் செய்யச் சொல்கிறார். உலகத்து அழகுகளிலிருந்தெல்லாம் சிறிது சிறிதாக எடுத்து அவன் திலோத்தமையைச் செய்கிறான். அசுரர் இருவரும் அவளுக்காகச் சண்டையிட்டு மடிகிறார்கள். அல்லல்படும் முனிவர், தேவதச்சன் செய்த பெண், அவளை விரும்பிச் சாகும் அசுரர் என்று இன்றைய கொல்லிப்பாவைக் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே கிடைத்துவிடுகிறது. திலோத்தமை உயிருள்ள பெண், பாவை சிலை, வேறுபாடு அவ்வளவுதான்.

பாரதக் கதைகள் தமிழில் பரவிய காலமும் இதற்கு இடம் தருகிறது. பாண்டியர் மாபாரதத்தைத் தமிழாக்கியதைச் சின்னமனூர்ச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனாரின் பாரத வெண்பா எழுந்தது. பின்னர் வில்லிபுத்தூரார் பாரதம் ஊர்தோறும் படிக்கப்பட்டது. இடைக்காலத் தமிழருக்குத் திலோத்தமை புதியவள் அல்லள். அசையும் பொறிகளும் புதியவை அல்ல. சீவக சிந்தாமணியில் நிறைமாதக் கர்ப்பிணியான விசயை மயிற்பொறியில் ஏறிப் பறக்கிறாள். பெருங்கதையில் உதயணனை எந்திர யானை காட்டிப் பிடிக்கிறார்கள். சிரிக்கும் சிலையை நம்புவதற்கு அந்த வாசகருக்குத் தடையே இருந்திருக்காது. இன்று ‘ரோபோ’ என்பவர்கள் சங்ககாலத்துக்குள் கொண்டுபோய் வைப்பது உண்மையில் காப்பிய காலத்துக் கற்பனையை.

அழகையே படைக்கலமாக்கும் கதை இந்தியாவிலிருந்து வெகுதூரம் போயிருக்கிறது. விசாகதத்தரின் முத்ராராட்சசத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல நஞ்சுக்கன்னி அனுப்பப்படுகிறாள்; சாணக்கியன் அவளைப் பர்வதகன் பக்கம் திருப்பிவிடுகிறான். இடைக்கால ஐரோப்பாவில் அரபி வழியாக லத்தீனுக்குச் சென்ற ஒரு நூலில், இந்தியாவிலிருந்து அலெக்சாந்தருக்கு அனுப்பப்பட்ட நஞ்சுக்கன்னியைப் பற்றி அரிஸ்டாட்டில் எச்சரிக்கிறார். அங்கிருந்து அந்தக் கரு 1844இல் அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்னின் சிறுகதை வரை வந்து சேர்ந்தது. இவ்வளவு தூரம் பயணம் செய்த ஒரு கரு கொல்லிமலை ஏறுவது பெரிய காரியமில்லை.

1915

இன்று வழங்கும் கதை முழு வடிவில் அச்சேறி நிலைத்ததற்கு ஒரு முக்கியமான இடம், நற்றிணைக்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் எழுதி 1915இல் வெளிவந்த உரை. மூலமும் உரையுமாக நற்றிணையைத் தமிழுலகத்துக்குத் தந்த பெரும்பணி அது. கொல்லிப்பாவை யார் என்று விளக்கும் இடத்தில் அவர் முனிவரையும் தேவரையும் அசுரரையும் தேவதச்சனையும் சொல்கிறார். அசுரர் வாடை பட்டதும் நகைக்கும், உள்ளமும் விழியும் கவர்ந்து இறுதியில் கொல்லும் என்கிறார். வழங்கிய கதையை வாசகருக்கு எடுத்துத் தருவது உரைகாரரின் கடமை, அதைச் செய்தார். ஆனால் விளைவு என்ன ஆயிற்று? நற்றிணைப் பாட்டும் இந்தக் கதையும் ஒரே பக்கத்தில் இருந்தன. பாட்டு ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அதன் பழமை கீழேயிருந்த விளக்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னர் வந்த உரைகளும் பாடநூல்களும் அகராதிக் குறிப்புகளும் இதையே திரும்பத் திரும்ப எடுத்தெழுத, சங்கப் பாடலே கதையைச் சொல்வதாக ஆகிவிட்டது.

சங்க நூல்களும் காப்பியங்களும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அச்சுக்கு வந்தன. உ.வே.சா. சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். மூல நூலை உரையோடு சேர்த்தே படித்த தலைமுறைகள் நாம். எது பாட்டு, எது உரை என்ற கோடு நம் நினைவில் மெல்ல அழிந்துபோவது இயல்பு. கொல்லிப்பாவை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு மறுப்பு

பாடல்களில் இல்லை என்பதாலேயே அந்தக் காலத்தில் கதை இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உவமை, கதை முழுவதையும் சொல்லாது. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். காதலியைப் புகழும் இடத்தில் கொலைகாரச் சிரிப்பைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கொல்லியை அச்சம் முதிர்ந்தது என்று பரணர் சொல்வதும், பாவையைப் பூதம் செய்தது என்று இன்னொரு புலவர் சொல்வதும் அந்த மலையில் திகிலான ஏதோ ஒரு நம்பிக்கை இருந்ததைக் காட்டுகின்றன.

இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்றுக்கொண்டாலும் கிடைப்பது, அணங்கு உறையும் மலையில் ஓர் அழகிய உருவம் என்ற அளவில்தான். நற்றிணை 201ஐ மீண்டும் பாருங்கள். பாவைக்கு வரும் ஊறுகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார் பரணர். அவள் அசுரரை எதிர்கொண்டவள் என்ற கதை வழக்கில் இருந்திருந்தால் அந்தப் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட அவருக்குக் காரணமே இல்லை. தலைவன் சொல்லும் கருத்துக்கு அது இன்னும் வலுச் சேர்த்திருக்கும். அச்சம் பழையது, உருவம் பழையது. அசுரர், முனிவர், தேவதச்சன், சிரிப்பு ஆகியவை பிற்பட்டவை. சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இதுதான்.

இன்றைய அம்மன்

கொல்லிப்பாவை இன்று எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுகிறாள். சங்கப் பாவைக்கு எத்தனை கை என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. மென்மையான சிறுபெண்ணுக்கு உவமையானவளுக்கு இரண்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்காது. எட்டுக் கை, போர் செய்யும் கொற்றவைக்கும் காளிக்கும் உரிய அடையாளம். அசுரரை மயக்கிக் கொன்றவள் என்று கதை மாறிய பிறகு, அசுரரை அழிக்கும் தேவியின் திருவுருவம் அவளுக்கு வந்து பொருந்துவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உவமையிலிருந்து கதை, கதையிலிருந்து தெய்வம் என்று அவள் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டேதான் ஏறினாள். 1970களில் நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு சிற்றிதழ் ‘கொல்லிப்பாவை’ என்று பெயர் சூட்டிக்கொண்டபோது இன்னொரு படியும் சேர்ந்தது.

கதை பிற்காலத்தது என்பதால் அது பொய்யாகிவிடாது; அம்மனின் பெருமையும் குறையாது. கும்பிடப் போகிறவருக்கு நற்றிணையின் எண் தேவையில்லை. ஆனால் ஆராய்ச்சி என்ற பெயரில் பேசும்போது அடுக்குகளைக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. இடியும் நிலநடுக்கமும் குலைக்காத ஓர் உருவம் என்ற பரணரின் வலுவான கற்பனை, அசுரரைக் கொல்லும் பொம்மை என்ற பழக்கமான கதைக்கு அடியில் புதைந்துபோகிறது. இடைக்காலத் தமிழர், பாரதத்திலிருந்தும் கூத்து மரபிலிருந்தும் எடுத்து மலைப் பாவைக்கு ஒரு முழுக் கதை நெய்த கைத்திறனும் யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை பார்த்தவை அனைத்தும் சமவெளிப் புலவர்களும் உரைகாரர்களும் எழுதியவை. மலையில் நாடு நாடாகக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைத் தனித்தனியே பதிவுசெய்து ஒப்பிட வேண்டும். எடப்புளி நாட்டில் சொல்லும் பாவைக்கும் வளப்பூர் நாட்டில் சொல்லும் பாவைக்கும் வேறுபாடு உண்டா? கோயில் நோன்பின்போது பூசாரி சொல்வதும் வண்டியில் வந்திறங்கும் சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டி சொல்வதும் ஒன்றுதானா? காஞ்சிபுரத்து அண்ணன் தம்பி கதையில் பாவைக்கு இடம் உண்டா? விசுவகர்மாவும் அசுரரும் இல்லாமல் ஒரு பாட்டி பாவைக் கதையைச் சொன்னால், அச்சுப் புத்தகத்தின் வழியாக வராத ஒரு வடிவம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று பொருள். சொன்னவர் ஊர், நாடு, சொன்ன சூழல் ஆகியவற்றோடு அதை எழுதிவைத்தால், ஏழு சங்கப் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தக்க எட்டாவது சான்று அதுவாகவே இருக்கும்.